மினி எக்ஸ்கவேட்டர் சுற்ற மறுத்தால்: மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்

"ஸ்விங் வேலை செய்யல" என்று யாராவது போனில் சொன்னால் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ஸ்விங்?" என்பதுதான். பெரிய எக்ஸ்கவேட்டரில் இந்தக் குழப்பமே இல்லை. மினியில் இரண்டு ஸ்விங் உண்டு. கேபினும் இன்ஜினும் சேர்ந்த மேல்பாகம் முழுக்கச் சுற்றுவது ஒன்று. பூம் (முன்னால் நீட்டியிருக்கும் பெரிய கை) மட்டும் அதன் அடிப் பின்னில் இடமும் வலமும் மடங்குவது இன்னொன்று, அது ஒரு சிலிண்டரின் வேலை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போய், தேவையே இல்லாத பிரஷர் கேஜையும் ஹோஸையும் சுமந்துகொண்டு திரும்பி வந்த நாட்கள் எனக்கு உண்டு. இங்கே எழுதப்போவது மேல்பாகம் சுற்றுவதைப் பற்றி.

சுற்றுவதில் கோளாறு என்றதும் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஸ்விங் மோட்டாரை. என் அனுபவத்தில் அது கடைசியில் மாட்டும் ஆள், ஆனால் முதல் அடி அதற்குத்தான். நானும் அடித்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டி, இடப்பக்கம் மட்டும் மந்தமாகக் கிளம்பும். ஆபரேட்டர் கூடவே இன்னொன்றும் சொன்னார்: "அண்ணே, வலப்பக்கம் போனா சொன்ன இடத்துல நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிக்குது." அது வேறு பிரச்சினை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்கக் கேபின் அடித்தட்டைக் கழற்றி, மோட்டாரை இறக்கி, மாற்று மோட்டார் போட்டேன். அது ரிலீஃப் வால்வுகள் (பிரஷர் அளவு மீறினால் திறந்து எண்ணெயை விடுபவை) இல்லாமல் வந்திருந்ததால் பழையதில் இருந்த இரண்டையும் எடுத்து இதில் முறுக்கினேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் இடப்பக்கம் அருமையாகச் சுற்றுகிறது, இப்போது வலப்பக்கம் மந்தம்! இரண்டு வால்வுகளையும் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஒன்றின் உள்ளே கடுகில் பாதி அளவு ரப்பர் துணுக்கு உட்கார்ந்திருந்தது, ஏதோ ஓ-ரிங்கிலிருந்து பிய்ந்தது. நல்ல மோட்டாரைக் கழற்றி ஒரு நாளை வீணாக்கியதோடு, அரை மணி நேர வேலையைத் தற்செயலாகச் செய்து முடித்திருந்தேன்.

அந்த நாள் கற்றுக்கொடுத்ததுதான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை. சுற்றும் சர்க்யூட்டில் பெரும்பாலான பாகங்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. இடப்பக்கத்துக்கு ஒரு பைலட் ஹோஸ் (ஜாய்ஸ்டிக்கின் கட்டளையைக் கொண்டுபோகும் சின்னக் குழாய்), வலப்பக்கத்துக்கு ஒன்று. இரண்டு ரிலீஃப் வால்வு, இரண்டு மேக்கப் வால்வு (மோட்டாரில் எண்ணெய் பற்றாத பக்கத்துக்குத் திறந்து எண்ணெய் விடுவது), மோட்டாருக்கு இரண்டு பெரிய ஹோஸ். ஆக, வண்டியில் ஒரு பக்கம் கெட்டிருந்தால் அதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் அதே வண்டியில் இருக்கிறது. சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாவிட்டாலும் இந்த ஒப்பீட்டை வைத்தே பாதிக்கு மேல் போய்விடலாம்.

முதலில் எண்ணெய் போகும் வழியைப் பார்த்துவிடுவோம். ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் நேரடியாக மோட்டாருக்கு எண்ணெய் போவதில்லை. ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் சின்ன வால்வு, சுமார் 30 முதல் 40 பார் வரைக்குமான பைலட் பிரஷரை மெயின் கண்ட்ரோல் வால்வுக்கு அனுப்புகிறது. அது ஸ்விங் ஸ்பூலை, அதாவது எண்ணெய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திறந்து மூடும் உருளைத் தண்டை, தள்ளுகிறது. ஸ்பூல் நகர்ந்ததும் பம்பிலிருந்து வரும் பெரிய எண்ணெய், மோட்டாரின் ஒரு வாயில் நுழைந்து இன்னொரு வாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. அதே நேரத்தில் இன்னொரு சின்ன லைன், மோட்டாருக்குள் ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடித்திருக்கும் பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கிறது. மோட்டாரின் அடியில் வேகத்தைக் குறைக்கும் கிரக கியர்பாக்ஸ், அதன் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். ஸ்லூ ரிங்கின் (மேல்பாகத்தைத் தாங்கிச் சுற்றவிடும் பெரிய வளைய பேரிங்) பல்வட்டம் கீழே சேசிஸில் அசையாமல் நிற்க, பினியன் அதன் மேல் உருண்டு மேல்பாகத்தை இழுத்துக்கொண்டு போகிறது. மிகச் சின்ன வண்டிகளில் பைலட்டே இருக்காது, லீவர் நேரடியாக ஸ்பூலைத் தள்ளும். சிலவற்றில் பார்க்கிங் பிரேக்கும் இருக்காது, சரிவில் நிறுத்தினால் மெல்ல நகரத்தான் செய்யும், அதைக் கோளாறு என்று துரத்திப் பயனில்லை.

நடுவில் இருக்கும் ரோட்டரி ஜாயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றும் இடத்தின் மையத்திலேயே இருப்பதால் பலரும் அதன் மேல் பழி போடுகிறார்கள். அது ட்ராக் மோட்டார்களுக்கும் பிளேடுக்கும் (முன்னால் மண் தள்ளும் தகடு) எண்ணெய் கொண்டுபோகும் பாகம். ஸ்விங் மோட்டார் மேல்பாகத்திலேயே இருக்கிறது, அதன் எண்ணெய் இந்த ஜாயிண்ட் வழியாகப் போவதே இல்லை. வண்டி நடப்பதில் கோளாறு என்றால் ரோட்டரி ஜாயிண்டைப் பாருங்கள், சுற்றுவதில் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். சுற்றும் வேகத்தை முடிவு செய்வது எண்ணெயின் அளவு. சுற்றும் பலத்தை முடிவு செய்வது பிரஷர். இது இரண்டையும் குழப்பிக்கொண்டால் கடைசி வரை இருட்டில் தடவ வேண்டியதுதான். ஒரு சுற்றுக்கு 30 சிசி எண்ணெய் குடிக்கும் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 லிட்டர் வந்தால் மோட்டார் 1000 சுற்று சுற்றும், கியர்பாக்ஸும் பல்வட்டமும் சேர்ந்து நூறில் ஒன்றாகக் குறைத்தால் மேல்பாகம் நிமிடத்துக்கு 10 சுற்று. பல மினி வண்டிகள் இந்த அளவை ஒட்டித்தான் சுற்றுகின்றன. அந்த 30 லிட்டரில் 6 லிட்டர் வழியில் கசிந்தால் நிமிடத்துக்கு 8 சுற்றாகிவிடும். பிரஷர் கதை வேறு. 180 பாரில் அந்த மோட்டார் கொடுக்கும் முறுக்குவிசை சுமார் 86 நியூட்டன் மீட்டர். ரிலீஃப் வால்வு தளர்ந்து 120 பாரிலேயே திறந்துவிட்டால் 57 தான். அதாவது, சமதளத்தில் ஒருமுறை வேகம் எடுத்துவிட்டால் பழைய வேகத்திலேயே சுற்றும், ஆனால் கிளம்புவதற்குத் திணறும், சரிவில் மேட்டுப்பக்கம் ஏறாது. கிளம்புவது மந்தமா, முழு வேகமே குறைவா என்று பிரித்துக் கேட்டாலே பாதிச் சந்தேகம் தீரும்.

முழு வேகத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் போதும். சமதளம், எண்ணெய் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், முழு ரேஸ், பூமும் ஆர்மும் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் கை) ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில். ஒரு சுற்று சும்மா விட்டுவிட்டு அடுத்த மூன்று சுற்றுக்கு நேரம் பாருங்கள். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் 18 நொடி, 8 சுற்று என்றால் இருபத்திரண்டரை நொடி. இடமும் வலமும் தனித்தனியாக. இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

அதற்கும் முன்னால் வெட்கப்படாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஸ்விங் லாக் பின் போட்டபடியே இருக்கிறதா? வண்டியை லாரியில் ஏற்றி இறக்கிய மறுநாள் வரும் அழைப்புகளில் இது சகஜம். சேஃப்டி லீவர் முழுதாக இறங்கியிருக்கிறதா? ஹைட்ராலிக் எண்ணெய் மட்டம் சரியா, நுரை தெரிகிறதா? பக்கெட் மண்ணில் ஊன்றியிருக்கிறதா? இதெல்லாம் சொல்லவே கூச்சமாக இருக்கும், ஆனால் இவற்றைப் பார்க்காமல் ஸ்பேனர் எடுத்தால் அதைவிடக் கூச்சமான இடத்தில் போய் நிற்போம்.

அப்புறம், சுற்றுவதோடு எண்ணெயைப் பங்கு போடும் வேலைகளைப் பாருங்கள். மூன்று பம்பு உள்ள பல மினி வண்டிகளில் பூம், ஆர்ம், பக்கெட், ட்ராக் எல்லாம் இரண்டு பிஸ்டன் பம்புகளில் ஓடும். ஸ்விங், பிளேடு, பூம் மடங்குவது ஆகியவை மூன்றாவதான ஒரு கியர் பம்பில் ஓடும். அப்படிப்பட்ட வண்டியில் பிளேடும் ஆமை வேகத்தில் எழும்பினால் பம்பு அல்லது அந்தப் பம்புக்கான ரிலீஃப் வால்வு பக்கம்தான் கோளாறு, ஸ்விங் மோட்டாரைத் தொடவே வேண்டாம். பிளேடு விறுவிறுவென்று ஏறி ஸ்விங் மட்டும் படுத்திருந்தால் பம்பு தப்பித்தது. எல்லா வண்டியும் இப்படி இல்லை. ஒரே பம்பு, லோடு சென்சிங் (லோடுக்குத் தக்கபடி பம்பு எண்ணெய் கொடுப்பது) என்று வேறு விதமாகவும் இருக்கும். உங்கள் வண்டியின் ஹைட்ராலிக் படத்தில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று ஒருமுறை விரலால் கோடு பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

இனி காதுக்கு வேலை. வண்டி சுற்றவே இல்லை என்றால் ஜாய்ஸ்டிக்கை முழுதாகச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் லோடு வாங்கித் திணறினால் எண்ணெய் மோட்டார் வரை வந்துவிட்டது, பிரஷரும் ஏறுகிறது, ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிடிப்பது பிரேக், லாக் பின், இறுகிப்போன கியர்பாக்ஸ் அல்லது பேரிங். இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை என்றால் எண்ணெய் வரவே இல்லை, அல்லது வந்த எண்ணெய் நோகாமல் எங்கோ ஓடிப்போகிறது. வராததற்குப் பைலட்டும் ஸ்பூலும் காரணமாகலாம், ஓடிப்போவதற்குத் திறந்தபடி மாட்டிக்கொண்ட ரிலீஃப் வால்வு. மூன்றாவதாக அபூர்வமான ஒன்று: இன்ஜினில் லோடு இல்லை, மோட்டார் பக்கம் மட்டும் விர்ரென்று சுற்றும் சத்தம், மேல்பாகம் அசையாது. ஷாஃப்ட்டோ கியர்பாக்ஸின் உள் பாகமோ உடைந்திருக்கிறது. அப்போது மட்டும் யோசிக்காமல் கழற்றலாம்.

ஒரு பக்கம் மட்டும் மந்தம் என்ற நிலைமைக்கு வருவோம், ஜோடியை வைத்து விளையாடுவதற்கு இதுதான் நல்ல களம். பம்பு, பிரேக், கியர்பாக்ஸ், எண்ணெய் மட்டம் எல்லாமே இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் சமதளத்தில் ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் இவை அத்தனையும் கிட்டத்தட்ட விடுதலை. மிச்சம் இருப்பது பைலட் வால்வு, பைலட் ஹோஸ், ஸ்பூல், ரிலீஃப், மேக்கப் வால்வு.

ரிலீஃப் வால்வு எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். மோட்டாரின் இரண்டு வாய்களுக்கு ஏ, பி என்று பெயர் வைப்போம். இடப்பக்கம் சுற்ற ஏ வழியாக எண்ணெய் நுழைகிறது. ஏ பக்கத்து ரிலீஃப் தளர்ந்திருந்தால் கிளம்பும்போதே பிரஷர் நழுவிவிடும், மந்தமாகக் கிளம்பும். வலப்பக்கம் சுற்ற பி வழியாக நுழைந்து ஏ வழியாக வெளியேறுகிறது, கிளம்புவதில் குறையே இல்லை. ஆனால் வலப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஜாய்ஸ்டிக்கை விட்டால் ஸ்பூல் இரண்டு வாயையும் மூடிவிடுகிறது, மேல்பாகத்தின் கனம் மோட்டாரை இழுத்துக்கொண்டு ஓட, மோட்டாரே ஒரு பம்பாக மாறி ஏ பக்கம் எண்ணெயை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கி வண்டியை நிறுத்த வேண்டியது அதே ஏ ரிலீஃப். அது தளர்ந்திருப்பதால் நிற்காமல் தள்ளிப் போகிறது. ஆக, இடப்பக்கம் கிளம்புவதில் மந்தம், வலப்பக்கம் நிற்பதில் வழுக்கல், இரண்டும் ஒரே வால்வின் வேலை. அந்த ஆபரேட்டர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான், நான்தான் காதில் வாங்கவில்லை.

மேக்கப் வால்வு சரியாக மூடாமல் கசிந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அதற்கு மாறாக ஜாய்ஸ்டிக் பக்கம் பைலட் பிரஷர் குறைந்திருந்தால், இடப்பக்கம் கிளம்புவது மந்தமாக இருக்கும், ஆனால் வலப்பக்கம் கச்சிதமாக நிற்கும். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், பத்து முறை சுற்றி நிறுத்திப் பார்த்தே இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். ஒரு அடையாளக் குச்சியை நட்டு, கேபினில் உட்கார்ந்து அதன் நேராக வரும்போது ஜாய்ஸ்டிக்கை விட்டு, பக்கெட் எவ்வளவு தள்ளிப் போய் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டால் போதும்.

சந்தேகம் உறுதியானால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஹோஸைத் தொடுவதற்கு முன் பக்கெட்டையும் பிளேடையும் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவி ஆனில் இருக்கும்போதே சேஃப்டி லீவரை வேலை நிலையில் வைத்து ஜாய்ஸ்டிக்குகளை எல்லாத் திசையிலும் பலமுறை அசைத்து உள்ளே மிச்சமிருக்கும் பிரஷரை விடுங்கள். டேங்கின் மூடியையும் மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது, ஊசித்துளையில் இருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

முதல் மாற்று: ஸ்விங் ஸ்பூலின் இரு முனைக்கும் வரும் பைலட் ஹோஸ்களை ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். இப்போது ஜாய்ஸ்டிக்கை இடம் சாய்த்தால் வண்டி வலம் போகும், ஆகவே சுற்றுவட்டத்தில் யாரும் நிற்கக் கூடாது, ஸ்லோ ரேஸில் ஆரம்பிக்க வேண்டும். முன்பு இடப்பக்கம் மந்தம். இப்போது வலப்பக்கம் மந்தமாகிவிட்டால் கோளாறு ஜாய்ஸ்டிக்கைப் பின்தொடர்கிறது, பைலட் வால்வும் அதன் ஹோஸும்தான் குற்றவாளி. வண்டி இடப்பக்கம் போகும்போதே இன்னமும் மந்தம் என்றால் பைலட் நிரபராதி, ஹோஸ்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

இரண்டாவது மாற்று, ஸ்விங்குக்கான இரண்டு ரிலீஃப் வால்வுகள். இரண்டும் ஒரே பார்ட் நம்பரா என்று பார்த்துவிட்டு இடம் மாற்றுங்கள். மந்தம் பக்கம் மாறினால் கதை முடிந்தது. மாறாவிட்டால் மூன்றாவதாக மோட்டாரின் ஏ, பி ஹோஸ்கள். இதிலும் முதல் மாற்றைப் போலவே வண்டி தலைகீழாகச் சுற்றும். மந்தம் ஜாய்ஸ்டிக்கின் இடப்பக்கத்தோடு போனால் ஸ்பூல், வண்டியின் இடப்பக்கத்திலேயே நின்றால் மோட்டார் பக்கம், பெரும்பாலும் அங்குள்ள மேக்கப் வால்வு. ஒவ்வொரு ஹோஸுக்கும் கழற்றும் முன்பே கலர் டேப் சுற்றுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். திறந்த வாய்களை உடனே மூடி போட்டு மூடுங்கள், துணியைத் திணித்தால் அதன் நூலே அடுத்த கோளாறு.

ரிலீஃப் வால்வுதான் குற்றவாளி என்று தெரிந்ததும் பலர் செய்வது, லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை ஒரு சுற்று உள்ளே ஏற்றுவது. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. வால்வு தானாகத் தளர்வது குறைவு, உள்ளே தூசி உட்கார்ந்திருக்கும், சீட்டில் (வால்வு உட்கார்ந்து மூடும் விளிம்பு) கீறல் விழுந்திருக்கும், அல்லது வெளிப்புற ஓ-ரிங்கும் அதற்குத் துணையாக இருக்கும் பேக்கப் ரிங்கும் வெட்டுப்பட்டிருக்கும். ஸ்க்ரூவை ஏற்றினால் இன்றைக்குச் சுற்றும். நாளைக்கு அந்தத் தூசி கழுவிக்கொண்டு போனதும் பிரஷர் எகிறி, மேல்பாகம் அடித்து அடித்து நிற்கும், கியர் பல் அடி வாங்கும். கழற்றி, சுத்தமான எண்ணெயில் கழுவி, பூதக்கண்ணாடியில் சீட்டைப் பாருங்கள். சீட்டில் வட்டக் கோடு முழுதாக, ஒரே அகலத்தில் இருந்தால் நல்லது. ஓரிடத்தில் வெட்டு தெரிந்தால் புதுசு போடுங்கள். ஸ்க்ரூவைத் தொட வேண்டியிருந்தால் கேஜ் மாட்டிக்கொண்டுதான்.

இரண்டு பக்கமும் கோளாறு என்றால் ஜோடி ஒப்பீடு உதவாது, வேறு ஒப்பீடு வேண்டும்: குளிர்ந்த எண்ணெய், சூடான எண்ணெய். பரவலாகப் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ விஜி 46 எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரி செல்சியஸில் 46 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் ஏறத்தாழ 7 தான். வேலை நேரத்தில் அவ்வளவு சூடாகாது என்றாலும் எந்தத் திசையில் போகிறது என்பது புரியும். தேய்ந்த இடைவெளியில் கெட்டி எண்ணெய் நின்றுகொள்ளும், நீர்த்த எண்ணெய் நழுவிவிடும். ஆகவே காலையில் நன்றாகச் சுற்றி மதியத்துக்கு மேல் சோர்ந்துபோகும் வண்டி, மோட்டாரோ பம்போ தேய்ந்த வண்டி. காலையில் முரண்டு பிடித்து, சூடேறியதும் சரியாகும் வண்டியில் தேய்மானத்தைத் தேடாதீர்கள். ஸ்பூல் ஒட்டுகிறது, பிரேக் விடுபடத் தாமதிக்கிறது, அல்லது எண்ணெயே தேவைக்கு மேல் கெட்டி.

மோட்டாரின் தேய்மானத்தை உறுதி செய்ய கேஸ் டிரெயின் ஹோஸ் இருக்கிறது. மோட்டாருக்குள் கசிந்த எண்ணெய் இதன் வழியாகத்தான் டேங்குக்குப் போகும். அதை டேங்கு பக்கம் கழற்றி அளவுப் பாத்திரத்தில் விட்டு, டேங்கின் வாயை மூடி, சூடான நிலையில் ஒரு நிமிடம் சுற்றவிட்டு எவ்வளவு சேர்கிறது என்று பார்த்து மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். மேல்பாகத்தை அசையவிடாமல் நிறுத்திப் பிரஷர் ஏற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு, ஆனால் சில நொடிகளுக்கு மேல் வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் மோட்டார் பக்கத்து டிரெயின் வாயை அடைத்துவிட்டு ஓட்டாதீர்கள், ஷாஃப்ட் சீல் சில பாருக்கு மேல் தாங்காது. சீல் போனால் ஹைட்ராலிக் எண்ணெய் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். அதனால் கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டம் ஏறியிருக்கிறதா, தண்ணியாகிவிட்டதா என்று பார்ப்பது நான் தவறவிடாத பழக்கம். தனி எண்ணெய் உள்ள கியர்பாக்ஸில் மட்டம் தானாக ஏற வழியே இல்லை.

பிரேக் தனிக் கதை. அது ஸ்பிரிங்கால் பிடிக்கும், எண்ணெயால் விடும். அதாவது எண்ணெய் வராவிட்டால் பிடித்தபடியே இருக்கும், பாதி வந்தால் பாதி உரசிக்கொண்டே சுற்றும். உரசிச் சுற்றும் வண்டியை மோட்டார் பலவீனம் என்று தப்பாகக் கணிப்பது ரொம்ப சுலபம், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கும். வித்தியாசம் என்ன? மோட்டார் கசிந்தால் இன்ஜின் சும்மா இருக்கும், பிரேக் உரசினால் இன்ஜின் திணறும், மோட்டார் உடல் தொடமுடியாதபடி சூடேறும். பிரேக் லைனில் ஒரு டி-ஜாயிண்ட் போட்டு 60 பார் கேஜ் மாட்டுங்கள். ஜாய்ஸ்டிக்கை அசைத்ததும் முள் பைலட் பிரஷருக்கு அருகே டக்கென்று ஏறி நிற்க வேண்டும். முள் ஏறாவிட்டால் கோளாறு பிரேக்கில் இல்லை, அதற்கு எண்ணெய் கொண்டுவரும் வழியில்: ஷட்டில் வால்வு (இரண்டு லைன்களில் பிரஷர் அதிகமுள்ளதை வழிவிடுவது), அடைபட்ட சின்ன ஓட்டை, அல்லது சோலனாய்டு (மின்காந்தத்தால் இயங்கும் வால்வு). சோலனாய்டு வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன் தலையருகே கொண்டுபோங்கள், காந்தமாகி இழுத்தால் காயிலுக்கு மின்சாரம் வருகிறது. இழுக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் வால்வு நகர்கிறது என்று அர்த்தமில்லை, அதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையான அறிகுறி: தனியாகச் சுற்றாது, ஆர்மைக் கொஞ்சம் அசைத்துக்கொண்டே சுற்றினால் சுற்றும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். சில வண்டிகளில் ஆர்மை இயக்கினாலும் ஸ்விங் பிரேக் விடுபடும்படி ஷட்டில் வால்வு வழியாகச் சிக்னலை இணைத்திருப்பார்கள். ஸ்விங்கிலிருந்து வரவேண்டிய சிக்னல் செத்துப்போய், ஆர்மின் சிக்னலில் பிரேக் விடுபடுகிறது, அவ்வளவுதான். சரிவில் ஜாய்ஸ்டிக்கை விட்டபின் ஓரிரு நொடி மெல்ல நகர்ந்து அப்புறம் பிடிப்பதும் பல வண்டிகளில் இயல்பு. முழுதாக நின்றபின் பிடிப்பதற்காகவே பிரேக்கைத் தாமதமாக இறங்க வைத்திருக்கிறார்கள். இன்ஜினை அணைத்த பிறகும் சரிவில் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் பிரேக் தட்டு தேய்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெயை விட்டு இரும்புக்கு வருவோம். மேல்பாகம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது எண்ணெய்க்குத் தெரியாது. சமதளத்தில் சுற்றும்போது எப்போதும் ஒரே இடத்தில் இறுகினாலோ, ஒரே இடத்தில் டொக்கென்று சத்தம் வந்தாலோ, கேஜைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஸ்லூ ரிங்கைப் பாருங்கள். தோண்டுவதும் கொட்டுவதும் பெரும்பாலும் ஒரே பக்கமாக நடப்பதால் பல்வட்டம் ஒரு பகுதியில் மட்டும் அதிகம் தேயும். இன்ஜினை அணைத்து, பக்கெட் தரையைத் தொடாத உயரத்தில், அதன் நுனியைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். பல்வட்டத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர், பக்கெட் நுனி மையத்திலிருந்து 4 மீட்டர் என்றால், பல்லில் இருக்கும் 1 மில்லிமீட்டர் ஆட்டம் நுனியில் 13 மில்லிமீட்டருக்கு மேல் தெரியும். அதனால் நுனி ஆடுகிறது என்று உடனே பதறாமல், பல கோணங்களில் அளந்து ஒப்பிடுங்கள். பேரிங்கின் ஆட்டம் வேறு. பக்கெட்டை ஊன்றி முன்பக்க ட்ராக்கைத் தூக்கி இறக்கும்போது மேல் ஃபிரேமுக்கும் கீழ் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வாய் திறந்து மூடுவதைப் பக்கவாட்டில் தள்ளி நின்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். பேரிங் போல்ட்டைச் சுற்றி துருநிறத் தூள் ஒழுகியிருந்தால் அந்த போல்ட் தளர்ந்து உரசுகிறது. உடைந்த போல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள், அதன் சுமையைப் பக்கத்து போல்ட்டுகள்தான் அதுவரை சுமந்திருக்கும்.

பல்வட்டத்தின் கிரீஸையும் எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, தயிர் போலக் குழைந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விரலில் தேய்க்கும்போது மினுமினுவென்று தூள் தெரிந்தால் பல் தேய்கிறது. பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கும்போது ஒரே இடத்தில் நின்று அடிக்காமல், கொஞ்சம் சுற்றி, நிறுத்தி, இன்ஜினை அணைத்து அடித்து, மறுபடி சுற்றி என்று முழு வட்டத்துக்கும் கொடுக்க வேண்டும். மேல்பாகம் சுற்றி வந்து நிற்கும்போது மட்டும் கிறீச்சென்று சத்தம் வந்தால், மோட்டாருக்குள் நுழையும் பக்கம் எண்ணெய் பற்றாமல் மேக்கப் வால்வு திறக்க மறுக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மோட்டார்தான் என்று முடிவானால் கழற்றுங்கள், தயக்கம் வேண்டாம். ஆனால் புது மோட்டாரை ஏற்றியதும் நேராகச் சாவியைத் திருப்பாதீர்கள். கேஸ் டிரெயின் வாய் வழியாகச் சுத்தமான ஹைட்ராலிக் எண்ணெயை வாய் நிரம்பும்வரை ஊற்றி, அப்புறம் ஹோஸை மாட்டுங்கள். உலர்ந்த கேஸோடு ஓடும் பிஸ்டன் மோட்டார் முதல் சில நிமிடங்களிலேயே தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். பழைய மோட்டார் உள்ளே நொறுங்கியிருந்தால் ஃபில்டரை மாற்றி, ஹோஸ்களைக் கழுவாமல் புதுசைப் போடக் கூடாது. ஸ்லோ ரேஸில் இரண்டு பக்கமும் மெல்லச் சுற்றிக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் சூடேறியதும் அதே மூன்று சுற்றுக்கு ஸ்டாப்வாட்சை அமுக்குங்கள், ஆரம்பத்தில் எழுதி வைத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே புது எண்ணையும் எழுதுங்கள்.